சாம்பலாகும் வெண்மை

பனி பெய்யும் நாடுகளிலே வெள்ளைக் கரடியையும் பனிமுயலையும் படம் பிடிப்போர் ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கண்ணுக்குப் பாலாகத் தெரிந்த பனி, படத்திலே அடுப்புச் சாம்பலாகிவிடுகிறது என்பதே அது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அந்தப் பனி ஏது என்று வாசகர் கேட்கலாம். நம் மார்கழிப் பனி புல்நுனியில் முத்தாகுமேயன்றி நிலத்தைப் போர்க்காது. ஆயினும் நமக்கும் வெண்ணிலம் உண்டு. ஆனையிறவிலே உப்புப் பூத்த தரையும், மணற்காட்டு மணற்குன்றுகளும் கண்ணைக் கூசச் செய்வதில் எந்தப் பனிக்கும் இளைத்தவையல்ல. அங்கே பூநாரையையும் கொக்கையும் படம் பிடிப்போர்க்கும் அதே இடர்தான்.

காரணம் எளியது. கமெராவின் ஒளிமானிக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் நிறமே உலகம் என்று அது எண்ணுகிறது. புதுப்பனியோ 80 வீதத்துக்கு மேல் திருப்பியனுப்புவது. அதைக் கண்ட கருவி, ஒளி மிகுந்துவிட்டதென்று வாசலைக் குறுக்கிக்கொள்கிறது. நாம் ஒளியை ஒருமுறை இரட்டித்தால் 18 என்பது 36 ஆகும். மறுமுறை இரட்டித்தால் 72. வெண்மையின் படலை அங்கேதான் இருக்கிறது. மணலுக்கு ஒருமுறை இரட்டித்தலே பெரும்பாலும் போதும். வெள்ளையைக் கண்டால் ஒளியைக் குறைக்கவே மனம் சொல்லும், கூட்டுவதே முறை.

பூநாரையின் செய்தி தனி. வளர்ந்த பறவையின் உடல் தூய வெள்ளையன்று; வெள்ளைக்குள் ஒளிந்த இளஞ்சிவப்பு. அதுவும் பிறவிச் சொத்தன்று, உண்ணும் சிற்றுயிர்களும் பாசியும் கொடுத்தது. இளம்பறவை சாம்பல் கலந்த பழுப்பாகவே இருக்கும். ஒளி குறைந்த படத்திலே வளர்ந்ததும் இளசுபோல் மங்கும். ஒளி மிகுந்தாலோ சிவப்பு வெளிறி, இறகின் வரிகளெல்லாம் சுண்ணாம்படித்த சுவராகிவிடும். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த சுண்டிக்குளத்தின் பறவைகளைப் பற்றி, நாளை ஒருவர் இத்தகைய படங்களை நம்பி எழுதுவாராயின், பிழை படத்தோடு நில்லாது.

இரட்டித்தல் எங்கும் பலிக்கும் மந்திரமுமன்று. கண்டற் காட்டின் இருளை முதுகிற் கொண்டு ஒற்றைக் கொக்கு நிற்குமாயின் கணக்குத் தலைகீழாகும். கருவி இருளை அளந்து வாசலை அகலத் திறக்கும். கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகும். அங்கே ஒளியைக் குறைத்தல் வேண்டும். எனக்கு இதுவே பெருஞ்சோதனையாகப் படுகிறது. உப்புத் தரையிலிருந்து எழுந்த பறவை கண்டலைக் கடக்கும் அந்தக் கணத்திலே யார் கணக்குப் பார்ப்பது? ஆகவே வெயிலில் உப்பையே அளந்து, இருமுறை இரட்டித்து, அந்த அளவிலே கருவியை நிறுத்திவிடுவது நன்று. வெயில் மாறாதவரை, பின்னணி எதுவாயினும் கொக்கின் வெண்மை மாறாது.

இக்காலக் கருவிகளின் திரையிலே குன்றுபோல் தோன்றும் ஒளி வரைபு வலக்கரையை நெருங்கலாம், முட்டலாகாது. இருளிலே மறைந்ததை ஓரளவு மீட்கலாம். வெளிறி அழிந்த இறகை மீட்பதற்கில்லை. நிழல் நீலமாய் விழுகிறதே என்று சிலர் வருந்துவர். அது வானம் கொடுத்த நிறம், இருந்துவிட்டுப் போகட்டும். தானாக நிறம் திருத்தும் ஏற்பாட்டையும் நான் காலை வேளையில் நிறுத்தி வைப்பேன். விடிவெயிலில் உப்பு மஞ்சளாகத்தான் இருக்கிறது.