உங்களுக்குத் தெரியுமா? – வீடு கட்டியவரிடம் வாங்கிய இரவல்

மென்பொருள்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'டிசைன் பேட்டர்ன்' கணினி அறையில் பிறந்ததல்ல. வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரிடம் வாங்கிய இரவல் அது. 1977இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூலில் 253 பேட்டர்ன்கள். முதலில் சிக்கல், பிறகு அதன் காரணம், கடைசியில் தீர்வு என்று ஒவ்வொன்றும் நடக்கும். ஆறடி ஆழம்கூட இல்லாத பால்கனியில் யாரும் உட்கார மாட்டார்கள் என்கிறது அதில் ஒன்று. (நம் அடுக்ககப் பால்கனிகளில் துணி மட்டும் காய்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?)

அதற்கும் முன்பே அலெக்சாண்டர் குஜராத் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தார். இந்தியக் கிராமம் ஒன்றின் தேவைகளை 141 என்று எண்ணி, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவற்றைக் கணக்குப் போட்டுத் தனித்தனிக் கொத்துகளாகப் பிரித்தார். 1964இல் வந்த அவரது நூலில் இது இருக்கிறது. உறவுள்ளவை ஒரே வீட்டில், உறவில்லாதவை தள்ளி. இன்று மென்பொருளை மாட்யூல்களாகப் பிரிப்பவர்கள் செய்வதும் இதேதான்.

1987இல் மென்பொருள் வல்லுநர்கள் கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் அலெக்சாண்டரின் வழியை நிரலுக்குக் கொண்டுவந்தார்கள். மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவர்களிடமே ஐந்தே ஐந்து பேட்டர்ன்களைக் கொடுத்து, திரையை வடிவமைக்கச் சொன்னார்கள். வந்த வடிவம் இவர்களையே அசத்திவிட்டது!

அதே கன்னிங்ஹாம், பேட்டர்ன்களை எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தட்டும் என்று 1995 மார்ச் 25 அன்று ஒரு தளத்தைத் திறந்தார். ஹொனலூலு விமான நிலையத்துப் பேருந்தின் பெயரையே அதற்கு வைத்தார்: 'விக்கி விக்கி'. ஹவாய் மொழியில் 'சீக்கிரம், சீக்கிரம்'. விக்கிப்பீடியாவுக்கு 'விக்கி' வந்தது இப்படித்தான்.

மென்பொருளுக்கான 23 பேட்டர்ன்களைத் தொகுத்து 1994இல் புகழ்பெற்ற நூலை எழுதிய நால்வரை, 1999இல் ஒரு மாநாட்டில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். விளையாட்டு நீதிமன்றம்தான், பயப்பட வேண்டாம்.

மென்பொருளின் வடிவத்தை முடிவு செய்வது பேட்டர்ன்கள் மட்டுமல்ல. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதே அது செய்யும் மென்பொருளின் கட்டமைப்பாக மாறும் என்றார் கணினி அறிஞர் மெல்வின் கான்வே. அவர் காட்டிய உதாரணம்: ஒரு நிறுவனத்தின் எட்டுப் பேரில் ஐவரைக் கோபால் (COBOL) என்ற நிரல்மொழியின் கம்பைலருக்கும் மூவரை அல்கால் (ALGOL) மொழியின் கம்பைலருக்கும் விட்டார்கள். முன்னது ஐந்து கட்டமாக ஓடியது; பின்னது மூன்று. கட்டுரையை 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ'வுக்கு அனுப்பினார். நிரூபிக்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 1968இல் 'டேட்டாமேஷன்' இதழ் வெளியிட, அது 'கான்வே விதி' ஆனது.