கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால்...

"தீட்டு ஒழுங்கா வரல, கர்ப்பப்பைய எடுத்துரச் சொல்லுதாவ" என்று புன்னக்காயலில் மீன்கூடையோடு நிற்கும் மதினி ஒருத்தி சொன்னால், நம் முதல் பதில் 'பொறுங்க மதினி' என்பதாக இருக்கட்டும்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. இதைத்தான் மெனோபாஸ் என்கிறார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சினைப்பையில் கருமுட்டைகள் குறைந்து, ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கும். தீட்டு ஒழுங்கு தவறுவது அதனாலும் இருக்கலாம். சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் கூடும். மீனை ஐஸில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே முகம் கொதிக்கும். நடுராத்திரியில் ரவிக்கை நனைய வேர்க்கும். இது நோயல்ல. ஆனாலும் தாங்க முடியாவிட்டால் சிகிச்சை உண்டு, சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

45 வயதைத் தாண்டியவருக்கு இந்த மாற்றத்தை உறுதிசெய்ய ஹார்மோன் டெஸ்ட் பெரும்பாலும் தேவையில்லை. இந்த மாதம் உச்சத்தில் இருக்கும் எஃப்.எஸ்.எச். அடுத்த மாதம் இறங்கிவிடலாம். தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள். 40 வயதுக்கு முன்பே நின்றால் டெஸ்ட் அவசியம். எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போங்கள். புற்றுநோய் இல்லையென்று உறுதியாக வேண்டும்.

புற்றுநோய், பெரிய கட்டி, மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு என்றால் ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனால் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும்.

1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் ரத்தப்போக்குக்காகப் பரிசோதனைக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருக்கையில், தாயாரிடம் மட்டும் கேட்டுவிட்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதமாகாது, உயிருக்கு ஆபத்தில்லாதபோது தாயின் கையெழுத்தும் செல்லாது என்று 2008 ஜனவரி 16இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். இழந்ததற்கு அது ஈடே இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு பெண்ணின் கையிலும் இருக்கும் பலம். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி 2023 ஏப்ரல் 5இல் அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டியது டாக்டரின் கடமை. காசு கட்டிப் பார்த்த ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

எதை எடுக்கிறார்கள், சினைப்பையை விட்டுவைப்பார்களா, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். அதுவரை எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.