ஈரல் நோய்க்கான சிகிச்சையும் வெயிலும்

கறுத்த தோலை வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்பது எம்மவர் வழக்கம். ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய்க்கு மருந்துண்போர் இவ்வெண்ணத்தைக் கைவிடுதல் நலம்.

1989ஆம் ஆண்டு இக்கிருமி இனங்காணப்பட்டது. பின்னர் நெடுங்காலம் வழங்கிய இன்டர்பெரோன் ஊசியும் ரிபாவிரின் குளிகையும் சருமத்தை உலர்த்தித் தடிப்பையும் அரிப்பையும் தந்தன. இன்று பெரும்பாலானோர் 8 முதல் 12 வாரங்கள் புதிய குளிகைகளை உண்டே குணமடைகின்றனர். ஆயினும், ஈரல் மிகவும் பழுதடைந்த சிலருக்கு ரிபாவிரின் இன்றும் சேர்த்து வழங்கப்படுகிறது. அது வெயில் தாங்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும்.

மருந்து மட்டுமன்றி நோயும் சிலரது சருமத்தை நலிவுறச் செய்யும். வெயில் பட்ட புறங்கைகளில் கொப்புளங்கள் எழும். தோல் எளிதில் உரியும். போர்பீரியா எனப்படும் இந்நிலைக்குச் சாதாரண வெயில் களிம்பு போதாது; கையுறையும் நீண்ட கைச்சட்டையுமே காப்பு.

ஏனையோர் நண்பகல் வெயிலைத் தவிர்த்து, தொப்பி அணிந்து, பாதுகாப்பு எண் 30க்குக் குறையாத களிம்பை இரண்டு மணிக்கொருமுறை பூசுதல் வேண்டும். குளிர்நாடுதானே என்று இருந்துவிடலாகாது. புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 வீதம் வரை தெறிக்கச்செய்யும். அவற்றுள் ஒருவகை வாகனக் கண்ணாடியையும் ஊடுருவும்.

தடிப்புக் கண்டவுடன் தாமாகவே குளிகையை நிறுத்துவோர்க்கு ஒன்று கூறுவோம்: சருமம் ஆறிவிடும், இடைநின்ற சிகிச்சையோ நோயை மீளவும் தலைதூக்கச் செய்யலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்காதீர்கள்.