மக்காச்சோளத்தைக் காலி செய்யும் படைப்புழு: மரபணு மாற்று விதை வந்தால் பிரச்சினை தீருமா?

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியில் ஏரிப் பாசனம், நெல் சாகுபடி. அங்கே மக்காச்சோளம் நமக்கெதுக்கு என்று தோன்றலாம். ஆனால் அந்த ஊர் டீக்கடை ஆம்லெட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனத்தில் பெரும்பங்கு அதுதான். அந்தப் பயிரைத்தான் 2018-லிருந்து ஒரு புழு மிரட்டிக்கொண்டிருக்கிறது.

யார் இந்தப் படைப்புழு?

சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவிலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் என மானாவாரி மக்காச்சோளம் விளையும் மாவட்டங்கள் கடுமையாக அடிவாங்கின. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு தமிழக அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

ஒரு தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். ஒரே இரவில் 100 கி.மீ. வரை பறக்கும். புழு நேராகக் குருத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதன் எச்சமே மேலே மூடிபோல அடைத்துக்கொள்வதால், அடிக்கும் மருந்து உள்ளே இறங்குவதில்லை. காசும் போச்சு, பயிரும் போச்சு.

பி.டி. மக்காச்சோளம் என்றால் என்ன?

மண்ணில் வாழும் 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்ற பாக்டீரியா ஒரு புரதத்தை உருவாக்குகிறது. அதற்கான மரபணுவை மக்காச்சோளத்தில் சேர்த்தால், செடியே அந்தப் புரதத்தைத் தயாரிக்கும். இலையைக் கடிக்கும் புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போடும். புழு தின்பதை நிறுத்திவிட்டுச் செத்துப்போகும். மனித வயிற்றில் அமிலம்தான். புரதம் ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் இல்லை. அதனால் மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடும்.

சிம்பிளாகச் சொன்னால், மருந்து இறங்காத குருத்துக்குள்ளும் செடியே காவல் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், பிலிப்பைன்ஸில் 2003 முதலும் இது பயிராகிறது.

அப்புறம் ஏன் இந்தியாவில் இல்லை?

இங்கே வணிகச் சாகுபடியில் இருக்கும் ஒரே மரபணு மாற்றுப் பயிர் 2002-ல் வந்த பி.டி. பருத்திதான். பி.டி. கத்தரிக்காய்க்கு 2009-ல் நிபுணர் குழு ஒப்புதல் கொடுத்தும், 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். மரபணு மாற்றுக் கடுகு விவகாரத்தில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள்.

மக்காச்சோளம் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. 2025-ல் லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் கள ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. எந்த மாநிலத்தில் ஆய்வு நடந்தாலும் அந்த மாநில அரசின் தடையில்லாச் சான்று வேண்டும்.

விதை வந்துட்டா போதுமா?

போதாது. இதுக்குப் பருத்தியே சாட்சி. முதல் தலைமுறை பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கத் தொடங்கிவிட்டது 2010-ல் வெளியே தெரிந்தது. சில ஆண்டுகளில் இரண்டு புரதம் கொண்ட அடுத்த தலைமுறை விதையும் அதனிடம் தோற்றது.

இதைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. வயலில் ஒரு பகுதியில் சாதாரண ரகத்தை விதைக்க வேண்டும். பி.டி.யைத் தாங்கிப் பிழைத்த சில பூச்சிகள் தங்களுக்குள்ளேயே இணைசேராமல், அங்கே வளரும் சாதாரணப் பூச்சிகளோடு இணைசேரும். அடுத்த தலைமுறை பெரும்பாலும் பி.டி.க்கு மடங்கும். இதற்காகவே 450 கிராம் பி.டி. பருத்தி விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், தெரிந்தே புழுவுக்கு ஒரு பங்கு ஒதுக்குவாரா? பலர் அந்தப் பொட்டலத்தை விதைக்கவே இல்லை.

படைப்புழுவும் சாதாரண ஆளில்லை. போர்ட்டோரிக்கோவில் ஒரு பி.டி. ரகம் 2003-ல் அறிமுகமாகி, 2006-லேயே அதைத் தாங்கும் புழுக்கள் கண்டறியப்பட்டன. அங்கே அந்த விதையின் விற்பனையே நின்றுபோனது.

இன்னொரு சிக்கல் மகரந்தம். மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் பறக்கும். பக்கத்து வயல்காரர் நாட்டு ரகம் போட்டிருந்தால் அதிலும் கலக்கும். அதே நேரம், 'விதைக்குக் கம்பெனியை நம்பணும்' என்ற பயம் மக்காச்சோளத்தில் புதிதல்ல. வீரிய ஒட்டு ரகம் போடுபவர்கள் இப்போதே ஒவ்வொரு பருவமும் விதையை வாங்கத்தான் செய்கிறார்கள்.

இப்போதைக்கு என்ன வழி?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது ஒருங்கிணைந்த முறை. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு அல்லது எள், புழு சின்னதாக இருக்கும்போதே மருந்து. முக்கியமாக, ஒரு பகுதி விவசாயிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் விதைப்பது. ஆளுக்கொரு நாள் விதைத்தால் புழுவுக்கு வருஷம் முழுக்க விருந்துதான்.

பி.டி. விதை நாளைக்கே வந்தாலும் இந்த வேலைகள் குறையலாம், மறையாது. அதனால் 'மரபணு மாற்று விதை வேணுமா, வேண்டாமா' என்பதோடு கேள்வி முடியவில்லை. வந்தால் சாதாரண ரகத்துக்கு இடம் ஒதுக்கும் சிறு விவசாயியின் நஷ்டத்தை யார் ஏற்பது? புழு மருந்தைத் தாங்க ஆரம்பித்துவிட்டதா என்று ஊர் ஊராக யார் பார்ப்பது? பருத்திக்கு அனுமதி கொடுத்தபோது இந்த இரண்டு கேள்விகளுக்கும் உறுதியான பதில் இல்லை. மக்காச்சோளத்துக்காவது, அனுமதிக்கு முன்பே அது எழுத்தில் இருக்க வேண்டும்.