கண்டவர் உரையும் காணாதவர் நம்பிக்கையும்

ஒரு பொருளின் உண்மையைத் துணிதற்குக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை நம் தருக்க நூலார் வகுத்தனர். மாணாக்கர்க்கு இவற்றைக் கற்பிக்குந்தோறும் மூன்றாவதே விளக்குதற்கு அரிது என உணர்ந்திருக்கின்றேன். கண்ணாற் காண்பதை யாவரும் ஏற்பர். புகை கண்டு நெருப்பைக் கருதுதலும் எளிது. பிறர் உரையை எப்பொழுது நம்பலாம் என்பதன்றோ சிக்கல்? இவ்வினாவின் அருமையை நன்கு புலப்படுத்துவது, புதிய ஏற்பாடு கூறும் இயேசுவின் உயிர்த்தெழுதல் வரலாறாகும்.

சிலுவையில் அறையுண்டு இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவ சமயத்தின் அடிக்கல். கிறித்து எழுந்திலராயின் தம் போதனையும் கேட்போர் விசுவாசமும் வீணே எனப் பவுல், கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் ஒளியாது உரைக்கின்றார். கி.பி. 55ஆம் ஆண்டையொட்டி எழுந்த அந்நிருபத்தின் 15ஆம் அதிகாரம், இச்செய்தி பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று. நற்செய்தி நூல்கள் நான்கும் அதற்குப் பிற்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலாரின் கருத்து.

அவ்வதிகாரத்திற் பவுல் சாட்சிகளை நிரல்பட வைக்கின்றார்: கேபா எனப்படும் பேதுரு, பன்னிருவர், ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் அனைவர், ஈற்றில் தாம். ஐந்நூற்றுவருட் பெரும்பாலார் அன்றும் உயிரோடிருந்தனர் என்கின்றார். ஐயுறுவோர் அவரை வினவலாம் என்பது குறிப்புப் போலும். தாம் எருசலேம் சென்று பேதுருவுடன் 15 நாள் தங்கியதையும், அங்கு யாக்கோபைக் கண்டதையும் கலாத்தியர் நிருபத்திற் கூறுகின்றார்.

இனி, வெறுங்கல்லறை கருதலளவைக்கு இடந்தருமேனும் துணிவு தரவில்லை. கல் அகன்றிருக்கக் கண்ட மகதலேனா மரியாள், உடலை எவரோ எடுத்துச் சென்றனர் என்றே கருதியதாக யோவான் நற்செய்தி கூறும். தோமாவோ காட்சியன்றிப் பிறிதொன்றையும் ஏற்க மறுத்தார். அவர்க்குக் காட்சி கிடைத்தது. கிடைத்தவுடன், காணாது நம்புவோரே பேறுபெற்றோர் என அறிவுறுத்தவும் பெற்றார். அக்காணாதார்க்கு எஞ்சியது உரை ஒன்றே.

உரையின் வலிமை உரைப்போர் தகுதியைப் பொறுத்தது. அப்போஸ்தலர்தம் குறைகளை நற்செய்தியாளர் மறைத்திலர். இயேசு பிடிபட்டபோது சீடர் ஓடினர். பேதுரு மும்முறை மறுதலித்தார். கல்லறையிலிருந்து வந்த பெண்டிர் கூறியதை அப்போஸ்தலர் வீண்பேச்சென்றே கொண்டனர். பெண்டிர் சாட்சியம் ஏலாது என்பது அக்கால யூத வழக்கு என யோசேப்பஸ் எழுதினார். எனினும், கல்லறையை முதலில் வெறுமையாகக் கண்டோர் பெண்டிரே என நான்கு நூல்களும் ஒருமுகமாகக் கூறுகின்றன. புனைந்துரைப்போர் இத்தகைய சாட்சிகளைத் தேர்ந்திருப்பரோ? மறுபுறம், சென்ற பெண்டிர் யாவர், கண்ட தூதர் எத்துணையர் என்பனவற்றில் அந்நூல்கள் வேறுபடுகின்றன. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பழம்பிரதிகள் இரண்டில் மாற்கு நற்செய்தி, அப்பெண்டிர் அஞ்சி எவர்க்கும் ஒன்றும் கூறாமையோடு முடிவுறுகின்றது. நடுநிலையாளர் இவ்விரண்டனையும் எண்ணுதல் வேண்டும்.

அப்போஸ்தலர் என்னும் சொல் ‘அனுப்பப்பட்டவர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சாட்சியைக் குறித்த ‘மார்த்துஸ்’ என்னும் கிரேக்கச் சொல், பின்னர் அச்சாட்சியத்திற்காக உயிர் நீத்தாரையும் குறிக்கலாயிற்று. தமிழ்க் கிறித்தவர் வழங்கும் ‘இரத்தசாட்சி’ என்னும் தொடரில் இரு பொருளும் இயைந்து நிற்கின்றன. செபதேயுவின் மகனாகிய யாக்கோபை, கி.பி. 44இல் மாண்ட ஏரோது அகிரிப்பா வாளாற் கொல்வித்தான். இயேசுவின் சகோதரர் எனப்படும் மற்றொரு யாக்கோபு, கி.பி. 62இல் கல்லெறி தண்டனைக்கு ஆளானார் என யோசேப்பஸ் உரைக்கின்றார். இயேசு வாழ்ந்த நாளில் அவர் சகோதரர் அவரை நம்பிலர் என்பது யோவான் கூற்று. நம்பாத சகோதரர் நம்பி மாண்டமை சிந்திக்கற்பாலது.

ஆயினும், ஒருவர் தம் சொல்லுக்காக உயிர் கொடுத்தமை அவர் பொய்யர் அல்லர் என்பதையே காட்டும். அவர் சொல்லிய பொருள் நிகழ்ந்தது என்பதை அதுவே நிறுவிவிடாது. வாய்மை சொல்வோர்பால் உள்ளது. உண்மை பொருளின்பால் உள்ளது. முன்னதற்குச் சான்று தேடலாம். அதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழியில் அளவை நூல் ஓரெல்லையில் நின்றுவிடுகின்றது. அவ்வெல்லையைக் கடந்து எடுத்து வைக்கும் அடியையே கிறித்தவர் விசுவாசம் என்கின்றனர். அவ்வடியை வைப்போரும் வையாதோரும் அவ்வெல்லை யாண்டுளது என்பதை அறிந்து கொள்ளுதல் நலம்.