வெயிலுக்குக் கணக்கு எழுதிய திராட்சை

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் ‘போன்’ என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே திராட்சை அறுவடை எந்தெந்த ஆண்டு எந்தெந்த நாளில் தொடங்கியது என்பது 1354 முதல் தெரியும். அறிவியலுக்காக யாரும் குறித்து வைக்கவில்லை. பழம் பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலி தேவாலயக் கணக்கில் ஏறியது. பறிப்பைத் தொடங்க நகரசபை நாள் குறித்தது. பிற்காலத்தில் செய்தித்தாள்கள் எழுதின. இவற்றையெல்லாம் திரட்டி, தோமா லபே என்ற வரலாற்றாய்வாளரும் அவருடைய குழுவினரும் 2018 வரைக்குமான பட்டியலை 2019-இல் வெளியிட்டார்கள். 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28 வாக்கில் தொடங்கிவந்த அறுவடை, 1988 முதல் 13 நாள் முந்திவிட்டது.

இந்தத் தேதிகளை வெப்பமானிபோல நம்பலாமா? பெருமளவு நம்பலாம். பர்கண்டிச் சரிவுகளில் சிவப்பு ஒயினுக்கென்று காலங்காலமாக வளர்வது பெரும்பாலும் பீனோ நுவார் என்ற ஒரே ரகம். விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுகிறார்கள். ஆகவே பேரன் கொடியும் பாட்டன் கொடியும் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றுதான். 1395-இல் பர்கண்டியின் கோமகன் பிலிப், நிறையக் காய்க்கும் கேமே என்ற ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். கேமே பீனோவின் நேரடி வாரிசு என்று 1999-இல் மரபணுச் சோதனை சொன்னது. கோமகனுக்கு அது தெரிய வழியில்லை.

மண்ணும் மாறாமல் ரகமும் மாறாமல் நாள் மட்டும் நகர்ந்தால், முதல் சந்தேகம் வெயிலின் மேல்தான். போரும் கொள்ளைநோயும் குடிப்பவரின் ருசியும்கூட அறுவடையை முன்பின் தள்ளும் என்பதால், 17-ஆம் நூற்றாண்டுவரை பின்னோக்கிச் செல்லும் பாரிஸ் வெப்பநிலைப் பதிவோடு லபே குழுவினர் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பொருந்தியது. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே காணாமல் போனது. அந்த ஆண்டு அறுவடை வெகுவாகப் பிந்தியது. மாறாக, வெப்ப அலை வாட்டிய 2003-இல் ஆகஸ்டிலேயே பறிக்க வேண்டியதாயிற்று.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இப்படியொரு கணக்கு எழுத முடியாது. பன்னீர் திராட்சையும் அதே தாவர இனம்தான். ஆனால் அங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. கவாத்து செய்து சுமார் நான்கு மாதத்தில் பழம் வந்துவிடும். ஆண்டு முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பறிப்பு நடக்கும். அங்கே பறிக்கும் நாளைப் பெரும்பாலும் விவசாயியின் கத்தரி முடிவு செய்கிறது, பருவம் அல்ல.

சீக்கிரம் பழுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஒயினுக்கு அப்படி இல்லை. காய் நிறம் மாறத் தொடங்கியதும் பழத்துக்குள் சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. திராட்சையின் இரு முக்கிய அமிலங்களில் டார்டாரிக் அமிலம் வெயிலைத் தாங்கும். மாலிக் அமிலத்தைச் சூடு பிடிக்கப் பிடிக்கப் பழமே எரித்துத் தீர்த்துவிடும். இரவு குளிர்ந்தால் அந்த எரிப்பு மட்டுப்படும். லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால், நொதித்தபின் ஒரு சதவீத ஆல்கஹால். எனவே வெப்பமான ஆண்டின் ஒயினில் ஆல்கஹால் தூக்கலாகவும் புளிப்பு சப்பென்றும் இருக்கும்.

நிறத்தின் கதை தனி. கறுப்புத் திராட்சையானாலும் பெரும்பாலான ரகங்களில் சாறு நிறமற்றது. ஷாம்பெயின்காரர்கள் இதே பீனோ நுவாரைப் பிழிந்து வெளிர் நிற ஒயின் எடுக்கிறார்கள். சிவப்பு, தோலிலுள்ள ஆந்தோசயனின் நிறமிகளிலிருந்து வருகிறது. அதற்காகத்தான் சாற்றைத் தோலோடு பல நாள் ஊறவிடுகிறார்கள். துவர்ப்பு தரும் டானினும் அப்போதுதான் இறங்குகிறது. 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நிறமி உருவாவது தடுமாறும். பீனோவின் தோல் மெல்லியது, நிறமியும் இயல்பிலேயே குறைவு. சர்க்கரை, புளிப்பு, நிறம், துவர்ப்பு நான்கும் ஒரே வாரத்தில் கூடிவர வேண்டும். அப்படிக் கூடிவருவது குளிர்ந்த இலையுதிர்கால வாயிலில்தான் நன்றாக வாய்க்கும். வெயில் மிஞ்சினால் சர்க்கரை முந்தி ஓடிவிடும், தோலும் விதையும் பின்தங்கும்.

இன்னொரு வினோதமும் உண்டு. வெப்பம் கூடக்கூட உறைபனியின் சேதம் குறைய வேண்டும் என்றுதானே நினைப்போம்? ஆனால் மார்ச்சில் வெயில் காய்ந்தால் மொட்டுகள் முன்கூட்டியே அவிழ்கின்றன. ஏப்ரலில் ஓர் இரவு பனி உறைந்தால் தளிர் கருகிவிடுகிறது. 2021 ஏப்ரலில் பர்கண்டித் தோட்டங்களில் வரிசைவரிசையாக மெழுகு விளக்குகளை ஏற்றிக் காவல் காத்தும் பெரும் சேதம் நேர்ந்தது.

பிரான்சின் போர்தோ வட்டாரம் சுதாரித்துக்கொண்டது. அங்கே பல ரகங்களைக் கலந்தே ஒயின் செய்வது மரபு. 2021-இல் போர்ச்சுகலின் தூரிகா நசியோனால் உட்படப் புதிய ரகங்களைக் குறைந்த அளவில் நடவும் கலக்கவும் அனுமதி கிடைத்தது. பர்கண்டியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்களுக்கு அந்த வசதி இல்லை. சரிவின் பெயரையும் ஒற்றை ரகத்தையும் அங்கே சட்டமே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. உயரமான, குளிர்ந்த சரிவுகளுக்கு ஏறலாம், இலைகளை விட்டு நிழல் கொடுக்கலாம், வேர்க்குச்சியை மாற்றி ஒட்டுக் கட்டலாம். இவை சில ஆண்டுகளை வாங்கித் தரும் என்றுதான் எனக்குப் படுகிறது. இதற்கிடையில், ஒரு காலத்தில் ஒயினுக்கு லாயக்கில்லை என்று சிரிக்கப்பட்ட தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் பீனோ நுவார் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.