ஒற்றும் உளவும் புலனாய்வும்: சொற்கள் மயங்கும்போது...

உறையூருக்குள் நுழைந்த புலவர் ஒருவர், சோழன் நலங்கிள்ளியிடமிருந்து வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொலைத் தண்டனையை எதிர்கொள்ள நேர்ந்தது. அவர் பெயர் இளந்தத்தன். நலங்கிள்ளியோடு பகைமை கொண்டிருந்த நெடுங்கிள்ளி அவரை ஒற்றர் எனக் கருதிக் கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் இடையே புகுந்து, பரிசில் பெற்று வாழும் புலவர் எவருக்கும் தீங்கு நினையாதவர் என்பதை எடுத்துரைத்து அவரை மீட்டார். புறநானூற்றின் 47ஆம் பாடல் பிறந்த சூழல் இதுவே. எங்கிருந்து வந்தார் என்பதே குற்றமாகிவிட்ட இந்நிகழ்ச்சியை, இலங்கையில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் வெறும் பழங்கதையாகக் கருத இயலாது.

ஒற்றாடல் தமிழருக்குப் புதிய துறையன்று. ‘ஒற்றுதல்’ என்பது மெல்ல அழுத்திப் பொருந்தச் செய்தல். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், மையைத் தாளால் ஒற்றி எடுக்கிறோம். நெருங்கி நின்று, உள்ளதை உள்ளவாறே வாங்கிக்கொள்பவன் ஒற்றன் எனக் கொள்ளலாம். சிங்களத்தில் ஒற்றனைக் குறிக்கும் ‘ஒத்துகாரயா’ என்ற சொல்லும் தமிழ் ‘ஒற்று’ என்பதன் வழிவந்ததாகவே கருதப்படுகின்றது. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்வோர், அவர்களின் நிலையை ஒற்றர் மூலம் முன்னரே அறிந்துகொள்வதைத் தொல்காப்பியம் வெட்சித் திணையில் ‘வேய்’ என்று குறிப்பிடும். இன்றைய ‘வேவு’ அதனோடு உறவுடையது. பண்டைய இலக்கியத்தில் வலிமையையும் உணவையும் குறித்த ‘துப்பு’ பிற்காலத்தில் தடயம் என்னும் பொருளை ஏற்றது. துப்பறியும் கதைகள் அதனைப் பரவலாக்கின.

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’ ஆகும். ஒற்றர் அரசனுக்குக் கண் போன்றவர் என்று கூறும் வள்ளுவர், அந்தக் கண்ணை அப்படியே நம்பிவிடச் சொல்லவில்லை. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் கூறுவது ஒத்திருந்தாலே அதை ஏற்க வேண்டும் என்கிறார். கிடைத்த தகவலின் பொருளை உணராத மன்னனுக்கு வெற்றிக்கு வழியில்லை என்றும் எச்சரிக்கிறார்.

அரபு மொழியில் ஒற்றன் ‘ஜாசூஸ்’. உருதுவிலும் இந்தியிலும் இச்சொல் வழங்குகின்றது. ஒருவரின் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வது ‘தஜஸ்ஸுஸ்’ எனப்படும். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம், ஆதாரமற்ற சந்தேகத்தையும் துருவி ஆராய்தலையும் புறம்பேசுதலையும் அடுத்தடுத்து வைத்துத் தடை செய்கின்றது. சந்தேகம் துருவலாகவும், துருவல் அவதூறாகவும் வளரும் என்பதை அந்த வரிசையே உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

நமது காலத்தில் இச்சொற்களுக்கெல்லாம் மேலாக நிற்பது ‘புலனாய்வு’ என்னும் சொல்லாகும். இதில்தான் பெரிய மயக்கம் இருக்கின்றது. நடந்த குற்றமொன்றை விசாரித்து நீதிமன்றத்தின் முன் வைப்பது ஒரு பணி. நடக்கக்கூடியதை முன்கூட்டி அறிய இரகசியமாகத் தகவல் திரட்டுவது வேறொரு பணி. சிங்களத்தில் முதலாவது ‘பரீக்ஷண’, இரண்டாவது ‘புத்தி’. தமிழகத்தில் சி.பி.ஐ. புலனாய்வுத் துறை என்றும், இரகசியத் தகவல் திரட்டும் பிரிவுகள் உளவுத்துறை, நுண்ணறிவுப் பிரிவு என்றும் அழைக்கப்படுகின்றன. இலங்கைத் தமிழிலோ குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் புலனாய்வு. அரச புலனாய்வுச் சேவையும் புலனாய்வு. இராணுவப் புலனாய்வும் புலனாய்வே. “புலனாய்வுப் பிரிவினர் வீட்டுக்கு வந்தனர்” என்று செய்தி வெளியானால், வந்தவர்கள் முறைப்பாடொன்றை விசாரிக்க வந்த பொலிஸாரா, தகவல் திரட்ட வந்த வேறு எவருமா என்பது வாசகருக்குப் புரிவதில்லை. யாரிடம் என்ன கேட்கலாம், எங்கே முறையிடலாம் என்பதும் அந்த மயக்கத்திலேயே மறைந்துபோகின்றது. ஆசிரியபீடத்தில் இருப்போரும் இத்தவறுக்கு விலக்கானவர்கள் அல்லர்.

அதைவிடக் கொடியவை, மக்கள் மத்தியிலே பிறந்த சொற்கள். சுற்றிவளைப்புகளின்போது முகத்தை மூடியபடி, வரிசையில் வருவோரைப் பார்த்துத் தலையசைத்தவர் ‘தலையாட்டி’ எனப்பட்டார். 1987 - 1989 காலப்பகுதியில் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்கள் அவ்வாறே சாக்கினால் முகம் மூடிய ‘கோணி பில்லா’வுக்கு அஞ்சினர். மறுபுறத்தில், ‘காட்டிக்கொடுத்தவர்’ என்ற பட்டம் சூட்டப்பட்டு வடக்கில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்கள் இருந்தனர். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமைக்குக் கற்பிக்கப்பட்ட நியாயங்களுள்ளும் இச்சந்தேகம் இடம்பெற்றது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பாதுகாப்பின் பெயரால் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோர் அந்நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகிப்பதால் நாடு பாதுகாப்புப் பெற்றதா? 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தும், ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் பலியாயினர். தகவல் இருந்தது, அதற்கேற்ற நடவடிக்கை இருக்கவில்லை. வள்ளுவர் எச்சரித்ததும் இதைத்தான். தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அரச புலனாய்வுச் சேவையின் அப்போதைய பணிப்பாளர் 7.5 கோடி ரூபாவும் நட்டஈடாகச் செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஆனால் இதற்கிடையில், தாக்குதலோடு எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம்கள் பலரும் சந்தேகத்தின் சுமையைச் சுமந்தாயிற்று.

எனவே சொற்களைப் பிரித்து வழங்குவது இலக்கண ஆர்வலரின் பொழுதுபோக்கு அன்று. குற்றம் பற்றிய பணியை ‘விசாரணை’ என்றும், இரகசியத் தகவல் திரட்டலை ‘உளவு’ அல்லது ‘நுண்ணறிவு’ என்றும் எழுதுவதற்குப் பத்திரிகைகள் பழக வேண்டும். வாசலில் வந்து நிற்பவரிடம் பெயர், பதவி, பிரிவு, வந்த நோக்கம் ஆகியவற்றைப் பணிவோடு கேட்பதற்கு மக்கள் பழக வேண்டும். அயலவரை ‘காட்டிக்கொடுப்பவர்’ என்று சொல்ல நா எழுமாயின், ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சாட்சி நம்மிடம் உண்டா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். இளந்தத்தனுக்குக் கோவூர்கிழார் வாய்த்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.